செல்லி அவரை மிதிக்கவில்லை

செல்லி என்ற குதிரை கதிரேசனை மிதிக்கவில்லை. மிதித்துக் கொன்றது என்று லாயத்துச் சுவரில் இரங்கல் அறிவிப்பு ஒட்டியது அநியாயம். கதிரேசனை அறிந்த எல்லோருக்கும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

காலை ஏழு மணிக்கு லாயத்து மேனேஜர் தொலைபேசியில் அழைத்தார்.

"பெரியவரே, கதிரேசு அண்ணன் போயிட்டாருங்க. குதிரை மிதிச்சிருச்சு."

"எந்தக் குதிரை?"

"சின்னது. செல்லி."

"பொய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் கதிரேசனின் மகள் சாந்தியிடம் சொல்லியிருந்தார்: இதயம் நின்றுவிட்டது, உடம்பில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. ஆனால் ஏரிக்கரையில் யாரோ எடுத்த படம் அதற்குள் போனில் ராகலை ஊர் வரை போய்விட்டது. கீழே கதிரேசன்; அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிச் செல்லியின் முன்னங்கால். பார்த்தவர்கள் மிதித்தது என்றார்கள். ஓடாமல் நின்றது என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் நின்றது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் முப்பது வருடம் அந்த ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக் குதிரையைக் கயிறு பிடித்து நடத்தியவர்கள். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் இழுத்துப் பழக்கினேன். அவர் வேறு வழி கண்டுபிடித்தார்.

செல்லி வந்த புதிதில் ஆளை முந்திக்கொண்டு பாயும். அது முந்திய ஒவ்வொரு முறையும் கதிரேசன் சத்தமில்லாமல் திரும்பி, வந்த வழியே நடப்பார். லாயத்திலிருந்து கேட்டுக்கு ஐம்பது அடி. முதல் நாள் அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மரக்கறி லொறிக்காரன் ஒருவன் நிறுத்திக் கேட்டான்: "என்ன தாத்தா, எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"நான் இல்லப்பா. இவதான் மரியாதைய உள்ளேயே வச்சிட்டு வந்துட்டா. எடுக்கப் போறோம்."

அடுத்தது கயிறு. கயிற்றைத் தரையில் போட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஓர் அடி நகர்ந்தாலும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். நின்றால் பிடரிக்குக் கீழே சொறிந்து கொடுப்பார். பிறகு பக்கத்தில் குடையை விரித்தார், தகரத்தைத் தட்டினார், ஆட்டோவை ஹோர்ன் அடிக்க வைத்தார். நான் சும்மா இருப்பேனா? "ஓடுற மிருகத்துக்கு நிக்கச் சொல்லிக் குடுக்கிறியே, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

"ஓடுறத அது பொறக்கையிலேயே படிச்சிட்டு வந்திருக்கு அண்ணே. நிக்கிறதத்தான் நாம சொல்லணும்."

நான் இழுத்துப் பழக்கிய குதிரை ஒரு சீசனில் என்னை முட்டைக்கோஸ் பாத்தி வழியே தரதரவென்று இழுத்துப் போனது. ஏரிக்கரையே சிரித்தது. அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டாத ஒரே ஆள் கதிரேசன்.

கருமாதி முடிந்த மறுநாள் செல்லியை ஏற்றிப்போக லொறி வந்தது. ஆளைக் கொன்ற குதிரை இங்கே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கேள்விப்பட்டதும் ஓடினேன்.

"பெரியவரே, தள்ளி நில்லுங்க. ஒங்களுக்கும் ஏதாவது ஆயிட்டா நான் பதில் சொல்ல முடியாது" என்றார் மேனேஜர்.

"ஒன்னைய யாரு பதில் கேட்டா? கண்ண மட்டும் தொறந்து வையி."

செல்லியை முற்றத்துக்கு நடத்தி வந்தேன். என் தோளை விட்டு ஒரு விரல்கூட முந்தவில்லை. கயிற்றைக் கீழே போட்டேன். பிறகு அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில், அந்த ஈரத் தரையில், எழுபத்திரண்டு வயதில் மல்லாந்து படுத்துவிட்டேன்!

"ஐயோ, எழும்புங்க!" என்று மேனேஜர் கத்தினார். "ஹோர்ன அடி!" என்று நான் லொறிக்காரரிடம் கத்தினேன். அவர் அடித்தார். இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். செல்லியின் காது இரண்டும் திரும்பின. கால் நான்கும் அசையவில்லை. மெல்லத் தலையை இறக்கி என் சட்டையை மோந்து பார்த்தது. சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பார்த்தாயா கதிரேசா, பார்த்தாயா என்று வாய்விட்டே சொன்னேன்.

லொறிக்காரர் "மம கெனியன்னே நே" என்றார். நான் கொண்டுபோக மாட்டேன் என்று சிங்களத்தில். வெறும் லொறியோடு போய்விட்டார். மேனேஜர் மட்டும் "முதலாளிகிட்ட கேக்கணுங்க" என்கிறார், இன்றுவரை.

கேட்கட்டும். அதோடு இதையும் சொல்லட்டும். சுவரில் உள்ள அறிவிப்பை முதலாளி தன் கையாலேயே கிழிக்க வேண்டும். டாக்டர் சொன்னதை எழுதி அதே இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் சாந்தியிடம் வாசித்துக் காட்ட வேண்டும். படத்தை அனுப்பியவர்கள், அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையையும் அனுப்ப வேண்டும். செல்லியை யாரும் எங்கேயும் அனுப்பக் கூடாது. கதிரேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பிடிவாதம். அவருடையது சத்தம் போடாது, என்னுடையது போடும். தினமும் செல்லியை நடத்திப் போவது இனி என் வேலை. நாளை காலை ஆறு மணிக்கு வருவேன். கேட்டைத் திறந்து வைக்க வேண்டியது மேனேஜர் வேலை.