மதினி முகத்திலிருந்து எடுத்தவை

என் தம்பியின் மகள் ஒரு நாள் காலையில் எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, உம்மா முகத்துல இரிக்கிற மருவெல்லாம் எடுக்கப் போறாவாம். நான் சொல்லிக் கேக்கிறா இல்ல. நீங்க வந்து கொஞ்சம் கதைங்க."

தம்பி இறந்து ஆறு வருடமாகிறது. அவன் மனைவிக்கு, அதாவது என் மதினிக்கு, வயது அறுபத்திரண்டு. அவரும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த சாய்ந்தமருது வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். அவருடைய நெற்றியோரத்தில் இரண்டு மருக்கள், கழுத்தில் பொடிப்பொடியாக நிறைய. இடது கன்னத்தில் இருந்ததுதான் பெரியது. புளியங்கொட்டை அளவில், அதே நிறத்தில், மெழுகைச் சொட்டவிட்டது போலத் தோலுக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊரில் மௌத்தான பெண்களைக் குளிப்பாட்டி, கபன் என்கிற வெள்ளைத் துணி சுற்றப் போகிறவள். உடம்பில் கண்டதை வெளியே சொல்வது கூடாது. யாரென்று சொல்லாமல் இதை மட்டும் சொல்லலாம்: அறுபது தாண்டிய உடம்பில் இப்படி ஏதாவது ஒன்று இல்லாத எவரையும் நான் குளிப்பாட்டியதாக ஞாபகமில்லை. சிலருக்கு முதுகு முழுக்க இருக்கும். அதனால் மதினியின் ஆசை எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது.

நான் போனபோது அவர் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மதினி, இது நோவுதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ரெத்தம் ஏதும் வருதா?"

"ஒண்டுமில்ல. எனக்கு இது வேணாம். அவ்வளவுதான்."

"எத்தின பேரக் குளிப்பாட்டி இரிக்கன். எல்லாருக்கும் இரிக்கி. மண்ணுக்குப் போற உடம்புதானே."

அவர் கீரையைக் கீழே வைத்தார். "நீங்க மௌத்தானவங்களத்தான் பாக்கிறீங்க, மதினி. நான் உசிரோட இரிக்கன்."

வாசலில் நின்ற மகள்தான் வாயைத் திறந்தாள். மார்க்கத்தில் இதில் குற்றமில்லை என்று மருமகன் மௌலவியிடம் கேட்டு வந்து சொல்லியிருந்தார். அவளுடைய கவலை அது இல்லை. "ஊர் என்ன கதைக்கும், உம்மா? வாப்பாவும் இல்லாத நேரத்துல, இனி ஆருக்குக் காட்ட..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

மதினி என்னைப் பார்த்து, "சனிக்கிழம டாக்டருக்கு நம்பர் எடுத்திரிக்கன். நீங்க வராட்டித் தனியப் போவன்" என்றார்.

நானும் கூடப் போனேன்; அது சரியென்று பட்டதால் இல்லை. தனியாக அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்முனையில் ஒரு தனியார் கிளினிக். கிழமைக்கு ஒருநாள் வெளியூரிலிருந்து தோல் டாக்டர் வருவார். இளவயதுப் பெண். வெளிச்சமுள்ள ஒரு சின்னக் கண்ணாடியை மருவின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது வயசோட வாறது, உம்மா. புற்றுநோய் இல்ல. அப்பிடியே விட்டாலும் ஒண்டும் செய்யாது. கன பேர் பயந்துதான் வாறாங்க. உங்களுக்குப் பயமா?"

"இல்ல. எடுக்கணும்."

டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. தழும்பு கொஞ்சம் வெளிறித் தெரியலாம் என்றார். தொழுகைக்கு முகம் கழுவி வுழூ செய்யலாமா என்று மதினி கேட்டார். தண்ணீர் படலாம், தேய்க்கக்கூடாது என்றார் டாக்டர்.

மதினியைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். குளிப்பாட்டலை வலது பக்கத்திலிருந்து தொடங்குகிற பழக்கதோசத்தில் நான் அந்தப் பக்கமாகப் போய் நின்றேன். மரத்துப்போக ஊசி போட்டு, பேனா போன்ற ஒரு கருவியால் சுட்டுச் சுட்டு எடுத்தார் டாக்டர். மயிர் கருகும் வாடை அறைக்குள் நின்றது. திடீரென்று மதினி என் கையைப் பிடித்தார். இப்படி என் முன்னால் கிடந்தவர்கள் யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

கன்னத்தில் இருந்ததை எடுக்கும்போது அவருக்குக் கண்ணீர் வழிந்தது. "நோவுதா, உம்மா?" என்று டாக்டர் நிறுத்தினார். மதினி இல்லையென்று கையைக் காட்டினார்.

முடிந்ததும் ஆட்டோவுக்காக வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்காமலே மதினி சொன்னார்.

"உங்கட தம்பி இத உண்ணி எண்டுதான் சொல்லுவார், மதினி."

எனக்கு அது தெரியும். ஒரு பெருநாள் அன்று என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எங்கட வீட்டு மாட்டுக்கு உண்ணி பிடிச்சிட்டு" என்று அவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"பகிடிதான் எண்டு நானும் இருந்தன். பிறகு கலியாண வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போறத விட்டார். சனம் சோறு தின்ன வேணாமா எண்டு கேப்பார். மகளப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அண்டைக்கு, உம்மாவப் பாத்து மகளும் இப்பிடி ஆகிருவா எண்டு பயப்படாதீங்க எண்டார். புள்ளைகள் எல்லாம் நிண்டாங்க. அண்டைக்குப் பிறகு எடுப்பம் எண்டு கேட்டன். கிழவிக்கு என்னத்துக்கு எண்டார்."

கலியாண வீடுகளுக்குத் தம்பி தனியாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். "அவவுக்குத் தலையிடி" என்பான். மதினிக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

"அவன் போய் ஆறு வருசமாச்சே. ஏன் இவ்வளவு நாள் இருந்தீங்க?"

"எடுக்கலாம் எண்டு எனக்கு நினைப்பு வரவே ஆறு வருசம் போயிட்டு."

தம்பி கொடுமைக்காரன் இல்லை. ஊரில் நல்ல பெயர் எடுத்தவன். எனக்குச் சுகமில்லாமல் போனபோது ஒரு மாதம் என்னை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கூட்டித் திரிந்தவன். அந்த வாங்கில் உட்கார்ந்து அந்தத் தம்பியையும் மதினி சொன்னவனையும் ஒரே ஆளாக நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

அவன் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் மதினியிடம் போய், "அவன்ட குறையெல்லாம் பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்டவள் நான்தான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் போதுமென்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

"அண்டைக்குப் பொருந்தினீங்கதானே?" என்று இப்போது கேட்டேன்.

"அண்டைக்கு வீடு நிறையச் சனம். நீங்க கேட்டீங்க. ஓம் எண்டன்."

"இப்ப?"

ஆட்டோ வந்துவிட்டது. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "தெரியா, மதினி" என்றார்.

சுட்ட இடங்கள் கறுத்துப் பொருக்குத் தட்டி, இரண்டு கிழமைக்குள் உதிர்ந்தன. கன்னத்தில் வெளிறிய வட்டம் ஒன்று தங்கியது. முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மகள், மூன்றாம் நாளிலிருந்து தானே மருந்து பூசிவிட்டாளாம். ஊரில் கதைத்தவர்கள் கதைத்தார்கள். என்னிடமே ஒருத்தி வந்து, "உங்கட மதினி குமரியாகப் போறாவாமே" என்றாள். "ஓம், அவவுக்கு விருப்பம், எடுத்தா" என்றேன். வேறு விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. அடுத்து வந்த கலியாண வீட்டில் மதினி முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அந்த வருட நோன்பில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சிச் சட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். சட்டியைத் தந்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"மதினி, கலியாண வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டத நான் பொருந்திட்டன். மாட்டுக்கு உண்ணி எண்டு சொன்னதையும் பொருந்திட்டன். நீங்க கேட்டதுக்காக இல்ல. எனக்கே லேசாப் போச்சு."

வாசல்வரை போய்த் திரும்பினார். "புள்ளைகளுக்கு முன்னால சொன்னது மட்டும் இன்னும் ஏலாமக் கிடக்கு. பொய் சொல்லக்கூடாதுதானே."

"ஓம் மதினி" என்றேன். "நான் சிரிச்சதையும் பொருந்திக்கொள்ளுங்க."

"அத எப்பவோ விட்டுட்டன்" என்று சொல்லிவிட்டு, நோன்பு திறக்க நேரமாகிறது என்று போய்விட்டார்.

இப்போதும் ஐந்து நேரத் தொழுகைக்குப் பின்னும் தம்பிக்காகக் கையேந்துகிறேன். மிச்சமிருக்கும் அந்த ஒன்றையும் மதினியின் மனதுக்கு லேசாக்கிக் கொடு என்று கேட்கிறேன். மதினியிடம் கேட்பதில்லை.