வாபஸ் வாங்கும் வசதி

கற்பூர வாசனை மூக்கில் ஏறியதும் கல்லூரி மேடை நினைவுக்கு வந்துவிடுகிறது. கிரேக்க நாடகம் போட்டோம். தெய்வவாக்கு ஒலிக்கும்போதெல்லாம் புகைமூட்டமாகக் கற்பூரம் கொளுத்தினோம்.

இப்போது விருத்தாசலத்துக்கு வெளியே, முருகன் கோயிலில் நிற்கிறேன். அநியாயம் செய்தவன்மேல் இங்கே சாமியிடம் பிராது எழுதிக் கட்டலாம். மனசு மாறினால் வாபஸும் வாங்கலாம். பக்கத்தில் பீங்கான் பொம்மைச் சூளைக்காரர் ஒருவர், கையில் வாபஸ் தாளோடு, சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்.

"போன தடவ சூளையில வெச்ச சரக்கெல்லாம் விரிசல் வுட்டுச்சுங்க. மச்சான் வேலைதான்னு நெனச்சு, 'சூளையைக் கெடுத்தவன் கண்ணு அவியணும்'னு பிராது கட்டிட்டேன். நேத்து சூடு ஆறுறதுக்குள்ள அவசரப்பட்டுக் கதவத் தொறக்குறேன், காத்து பட்டு எங் கண்ணு முன்னாலயே டிக்கு டிக்குன்னு வெடிக்குது. போன தடவையும் அப்பிடித் தொறந்தது நாந்தாங்க. காலையிலேருந்து கண்ணு எரியுது."

எங்கள் நாடகத்து ராஜாவும் ஊரைக் கெடுத்த பாவியைச் சபித்துவிட்டுத் தேடினான். கடைசியில் தன்னையே கண்டுபிடித்து, கண்ணைக் குத்திக்கொண்டான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

"அவரு வாபஸ் வாங்கலீங்களா?"

"அந்த ஊர்ச் சாமிங்ககிட்ட அந்த வசதி கிடையாதுங்க. விதியை முன்னாடியே எழுதிட்டு, மனுஷன் ஓடுறத வேடிக்கை பார்ப்பாங்க."

"சரியான சாமிங்க!" என்று தாளைக் கொடுக்கப் போகிறார். மலைமேல் குடியிருந்த அத்தனை கிரேக்கத் தெய்வங்களுக்கும் ஒரு வாபஸ் கவுண்டர் வைக்கத் தோன்றவில்லை. வைத்திருந்தால் பாதி நாடகம் முதல் காட்சியிலேயே முடிந்து, எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

முகம் தெளிந்து திரும்புகிறவரிடம், என்ன காரணம் எழுதினார் என்று கேட்கிறேன்.

"பெரிய மனசு பண்ணி மச்சானை மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்கேங்க. போயிட்டு வரேன்."