குழாய் இன்னாச்சு சார்?

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரே கேள்வி.

"குழாய் இன்னாச்சு சார்?"

கேட்பவர் பாக்யம்மா. மர்பி டவுனிலிருந்து காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவி, வீடு பெருக்கி, ஒரு குழம்பும் வைத்துவிட்டுப் போகிறவர். பதினொரு வருடமாக வருகிறார். நானும் தினமும் உற்சாகமாகப் பதில் சொன்னேன். போன வாரம்தான் தெரிந்தது, நாங்கள் இருவரும் ஒரே குழாயைப் பற்றிப் பேசவில்லை என்று. அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கண்ணாடி பார்த்தாலும்தான்!

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பேப்பருக்கு இந்தப் பத்தியை டைப் செய்யும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்கு வேலை இல்லை. நண்பர் ஒருவர் சொன்னார்: "அதை நீ தானம் பண்ணலாம்யா." கம்ப்யூட்டரையே தூக்கிக் கொடுக்க வேண்டாம், அது வெட்டியாக இருக்கும் நேரத்தை மட்டும் கொடுத்தால் போதுமாம். ஒரு சின்ன புரோகிராமை ஏற்றிவிட்டால், எங்கோ இருக்கும் விஞ்ஞானிகள் தங்கள் பிரம்மாண்டமான கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க இருக்கும் நம்மைப் போன்ற ஆட்களுக்கு ஆளுக்கொரு துண்டு அனுப்புவார்கள். நம் கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும்.

எனக்கு வந்த துண்டு சுத்தத் தண்ணீர் ஆராய்ச்சி. கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழல்கள் வழியாகத் தண்ணீர் எப்படிப் போகிறது, அழுக்கும் கிருமியும் எப்படி வெளியே நிற்கின்றன என்று பார்க்கிற கணக்கு. சரியாக வந்தால் நாளைக்கு மலிவான ஃபில்டர் கிடைக்கலாம். நல்ல காரியம்தானே? நாள் முழுக்க ஃபேன் இரைய, திரையில் பர்சன்டேஜ் மெதுவாக ஏற ஏற, எனக்கு ஏதோ நானே ஆய்வகத்தில் கோட்டு போட்டு நிற்கிற மாதிரி ஒரு மிதப்பு!

ஒருநாள் பெருக்கிக்கொண்டே வந்த பாக்யம்மா நின்றார்.

"இன்னா சார் இது, ஆளே இல்லாதப்போ கூட ஓடிக்கினே இருக்கு?"

இந்த இடத்தில்தான் என் தலைக்கனம் வேலை செய்தது. 'கஷ்டமான விஷயத்தையும் எளிமையாகச் சொல்கிறீர்கள் சார்' என்று நீங்கள் எழுதி எழுதி என்னைக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே... நுண்குழல், மூலக்கூறு என்றெல்லாம் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்து, எளிமையாகச் சொன்னேன்.

"தண்ணிக்காகத்தான் பாக்யம்மா. குழாய்ல தண்ணி எப்படிப் போகுது, அழுக்கு எப்படிக் கலக்குதுன்னு இது பார்க்குது. கண்டுபிடிச்சிட்டா எல்லாருக்கும் நல்ல தண்ணி."

அவர் முகம் மலர்ந்தது. "எங்க தெரு குழாயில கூட ஒரே நாத்தம் சார். ரேகா வேற வந்துகிறா, ஏழு மாசம். கேன் தண்ணிதான் குடுத்துனு இருக்கேன்..."

ரேகா அவருடைய ஒரே மகள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதெல்லாம் என் காதில் விழுந்ததா? விழுந்தது. மனதில் நின்றதா? எங்கே... என் கண் திரையில் இருந்தது. போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னேன் பாருங்கள்:

"எல்லாக் குழாய்க்கும் சேர்த்துத்தான் பண்றோம் பாக்யம்மா!"

அவ்வளவுதான். பேப்பரில் எழுதுகிற சார், தங்கள் தெருக் குழாய் விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டார் என்று அவர் முடிவு செய்துவிட்டார். தப்பா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வால்வு திறக்க வருகிற ஆளிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்து, "ஆகுத்தே, ஆகுத்தே" என்று, ஆகிவிடும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, அவர் தலையாட்டிவிட்டுப் போனதைப் பார்த்து நொந்துபோயிருந்தவர்களுக்கு, கம்ப்யூட்டர் போட்டு வேலை செய்கிற சார் எவ்வளவு பெரிய ஆறுதல்!

அதன் பிறகுதான் அந்தத் தினசரிக் கேள்வி.

"குழாய் இன்னாச்சு சார்?"

"சூப்பரா போயிட்டிருக்கு! நாப்பது பர்சன்ட்!"

நாற்பது பர்சன்ட் என்று தெருவில் போய்ச் சொல்லியிருக்கிறார். தெருவில் இருப்பவர்கள் தண்ணீர் ஆபீசுக்குப் போகலாம் என்று கிளம்பியபோது, "வேணாம், எங்க சார் பார்த்துனு இருக்காரு, நடுவுல நாம போய்க் குட்டையைக் குழப்பக் கூடாது" என்று தடுத்திருக்கிறார். நான் எழுபத்திரண்டு என்றேன். தெருவே எழுபத்திரண்டு என்றது. ஒருநாள் கரன்ட் போய்க் கணக்கு நின்றுவிட்டது. "கொஞ்சம் டிலே ஆவுது" என்றேன். அதற்கும் தலையாட்டினார். கவர்மென்ட் வேலை என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்திருப்பார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். என் மனைவி மெர்சி டீச்சர், படித்தவள். அவள்கூட இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "ஏங்க, அந்த ஃபேன் சத்தம் தலையை வலிக்குது, ஆஃப் பண்ணித் தொலைங்க" என்பதோடு சரி. பாக்யம்மாவுக்கு எவ்வளவு விஞ்ஞான ஆர்வம் பார் என்று அவளிடம் குத்திக்காட்டவும் செய்தேன். செய்தேனே, பாவி!

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கணக்கு முடிந்தது.

"முடிஞ்சிருச்சு பாக்யம்மா! நூறு பர்சன்ட்! அனுப்பியாச்சு!"

அவர் கை இரண்டையும் கூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் லேசாகக் கலங்கியது. வீட்டுக்குப் போனவர், மிச்ச நாற்றமும் தானாகப் போய்விடும் என்று நம்பி, கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. "சொல்லாம கொள்ளாம லீவு போட்டா எப்படி?" என்று நான் சமையலறையில் நின்று சலித்துக்கொண்டது நிஜம், மறைக்க விரும்பவில்லை. மெர்சி போன் செய்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. ரேகாவுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். சிவாஜிநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஓடினோம். வார்டு வாசலில் பாக்யம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ரேகா, கையில் டிரிப்ஸோடு. கெட்ட தண்ணீர் குடித்ததால் வந்த தொற்று என்றும், குழந்தையின் துடிப்பு இப்போது சரியாக இருக்கிறது, ஆனாலும் நாளைவரை பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"கேன் தண்ணிதானே குடிச்சா?" என்றாள் மெர்சி.

பாக்யம்மா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"நூறு பர்சன்ட் முடிஞ்சதுன்னு சார்தானே மிஸ் சொன்னாரு?"

எனக்கு ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாற்பது, எழுபத்திரண்டு, நூறு... ஐயோ! "அது வேற குழாய் பாக்யம்மா" என்று ஆரம்பித்தேன். "தலைமுடியைவிட மெல்லிசா இருக்கும்..." மெர்சி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அப்படியே நிறுத்திவிட்டேன்.

"வேற குழாயா?" என்று பாக்யம்மா கேட்டார். "அப்ப இன்னாத்துக்கு சார் தினம் எனக்குப் பதில் சொன்னீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் பயமில்லை என்றார். தாயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலம். எங்கள் மூவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிவிட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அது என்ன பாவம் செய்தது? தனக்குக் கொடுத்த துண்டைச் சரியாக முடித்து அனுப்பியது. உளறியது நான்.

ரேகா வீட்டுக்கு வந்த மறுநாளே பாக்யம்மாவோடு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். போகும்போதே கொதித்துக்கொண்டுதான் போனேன். கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள், ஒரு மாதமாகத் தூங்குகிறீர்களா என்று மேஜையைத் தட்டினேன். இன்ஜினியர் சாந்தமாக ரெஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார்.

"அல்லிந்த ஒந்து கம்ப்ளெயிண்ட்டும் பந்தில்ல சார்."

அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லையாம். எப்படி வரும்? வர இருந்தவர்களைத்தான் என் பர்சன்டேஜ் நிறுத்தி வைத்திருந்ததே!

"சரி, யாவ கிராஸ்?" என்றார், பேனாவைத் திறந்து.

எந்த கிராஸ், அதாவது எந்தக் குறுக்குத் தெரு? நான் பாக்யம்மாவைப் பார்த்தேன். பதினொரு வருடம். அவர் தெருப் பெயர் எனக்குத் தெரியாது.

பாக்யம்மா என்னை லேசாக ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். கிராஸ் நம்பர், எந்த வீட்டுக்கு எதிரே நாற்றம் ஆரம்பிக்கிறது, எந்த நேரத்துத் தண்ணீர் கலங்கலாக வருகிறது, மகளுக்கு என்ன ஆனது எல்லாவற்றையும் சரளமான கன்னடத்தில், குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தார். இன்ஜினியர் எழுதினார். மறுநாளே ஆள் வந்து தோண்டி, சாக்கடையோடு ஒட்டிக் கிடந்த உடைந்த பைப்பை மாற்றினார்கள்.

ஆனால் அன்று எழுதி முடித்ததும், இன்ஜினியர் பேனாவால் என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்று அவரிடம் கேட்டார்.

"சும்னே பந்தித்தாரே" என்றார் பாக்யம்மா.

சும்மா வந்திருக்கிறாராம். சரியாகத்தான் சொன்னார்.