என் தங்கையிடம் மட்டும் இருந்தது

எங்கள் வீட்டில் வெளியில் பெண் எடுக்கிற வழக்கமே கிடையாது. அப்பா கட்டியது தாய்மாமன் மகளை. அவருடைய பெற்றோரும் சொந்தத்துக்குள் முடித்தவர்கள்தான். அதனால், தங்கைக்கு எலும்பு மஜ்ஜை வேலை செய்யவில்லை, ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையை வைத்தால் பிழைப்பாள் என்று மதுரை டாக்டரம்மா சொன்னபோது நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. "எல்லாம் ஒரே ரத்தம்லா, யாரு வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றது சொந்தம் மொத்தமும். நானும் நம்பினேன், மடையன்.

அது சாரல் சமயம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவென்று வேன் பிடித்துத் தென்காசிக்கு வந்தவர்கள், கொடுத்த கையோடு ஐந்தருவிக்குப் போனார்கள். குளித்துவிட்டு, சிப்ஸ் பொட்டலங்களோடு குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக அந்த ஈரத்தலைகளைப் பார்த்தாள். "அண்ணே, என் சாக்குல எல்லாருக்கும் குத்தால சீசன் ஜோரா நடக்குது" என்று சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். வாய் சும்மா இருக்காது.

ஒருவரும் பொருந்தவில்லை. கூடப்பிறந்த நானும் பொருந்தவில்லை.

டாக்டரம்மா என்னையும் அப்பாவையும் உட்காரவைத்து விளக்கினார். உடம்பு தன்னுடையது எது, அந்நியம் எது என்று அடையாளம் காணும் மரபணுக்கள் சரம்போல வரிசையாக இருக்குமாம். அப்பாவிடம் அப்படி இரண்டு சரம். ஒன்று அவர் அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது. பிள்ளைக்கு வழக்கமாக ஒன்று முழுசாகப் போகும். தங்கை உருவானபோது இரண்டும் நடுவில் அறுந்து, மாறி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் இருந்த மரபணு புது வகையாகிவிட்டது. "இதுவரைக்கும் உலகத்துல யாருகிட்டயும் பார்த்ததில்லை. உறுதிப்படுத்த இன்னொரு சோதனை அனுப்பியிருக்கோம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு மேஜையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாம்போல் இருந்தது. பாதி பொருந்தினாலும் வைத்துப் பார்க்கலாம், உங்களுடையதையே எடுப்போம், முதலில் தங்கைக்கு அடிக்கிற காய்ச்சல் அடங்கட்டும் என்று என்னிடம் சொன்னார். நான் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் என்றேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பாவின் அக்கா இருந்தாள். என் அத்தை. அம்மா அவளுக்குத் தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க பக்கமும் இல்ல, அவ பக்கமும் இல்லன்னா, அது எங்கன இருந்துலே வந்துச்சு?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் கத்தினேன். "இன்னொரு வார்த்தை பேசினா அத்தைன்னு பார்க்க மாட்டேன்" என்றேன். அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் என்னோடு உட்கார்ந்து கேட்டவர் அப்பா. "அவ என் பிள்ளதான்க்கா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை படுத்திருந்த பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

சாயங்காலம் தங்கை கேட்டாள்: "அப்பா ஏண்ணே ஒண்ணும் சொல்லல?"

"அவருக்கு அக்கான்னா பயம்டி" என்றேன். அவள் தலையாட்டினாள். அதன்பிறகு அப்பா அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார்.

காய்ச்சல் அடங்கவில்லை. மதுரையில், என் மஜ்ஜையை எடுக்காமலே, அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு டாக்டரம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். சோதனை முடிவு வந்துவிட்டதாம். "ஒட்டியிருக்கிற ரெண்டு துண்டும் அப்பாவோடதுதான், சந்தேகமே இல்ல" என்றார். இனி அந்தப் புது மரபணுவுக்கு ஒரு பெயர் வைப்பார்களாம். நான் போனை அணைத்தேன்.

அப்பா உடைந்துவிட்டார். சமையலறை வாசலில் போய் நின்று, "ரெண்டும் என்னோடதுதானாம்ட்டி, கேட்டியா" என்று அம்மாவிடம் அழுதார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதா? பிள்ளகிட்டல்லா நீங்க சொல்லியிருக்கணும்" என்றாள்.