டவுன் பஸ்ஸில் சோதித்த பாட்டுக் கருவி

ஆவணி இரண்டாம் தேதி, செவ்வாய், காலை பத்தே கால் மணி, லேசான தூறல். திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் என் மனைவி முன்பக்கம் பெண்கள் சீட்டிலும் நான் பின்பக்கமும் உட்கார்ந்திருந்தோம். கண் ஆபரேஷன் ஆன அவளை ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்துப் போனேன். ஒரு கண்ணில் கட்டு. என்னிடம் முந்தின நாள் வாங்கிய, தீப்பெட்டி அளவு எம்பி3 பிளேயர். பஸ்ஸில் அலறும் பாட்டை அது அமுக்குமா என்று பார்க்க, இயர்போனை இரண்டு காதிலும் மாட்டி முழுச் சத்தம் வைத்தேன். அமுக்கியது.

மூன்றாவது பாட்டில் கண்டக்டர் தோளை உலுக்கினார். "ஏம் பெருசு, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல அந்தம்மா உங்களக் கூப்பிட்டுக்கிட்டே இறங்கிருச்சு! காதுல என்னத்த மாட்டியிருக்கீக?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோவில் திரும்பினேன். சாலையோரம் நனைந்தபடி, ஒற்றைக் கண்ணால் லாரிகளைப் பார்த்து மிரண்டு நின்றாள்.

"பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றாள்.

கருவியைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான் மகன். கொடுக்க மாட்டேன். ஒலி தெளிவாக இருக்கிறது. செல்போனில் கேட்பது போல, பாதிப் பாட்டில் யாரும் போன் பண்ணிக் கெடுப்பதுமில்லை. தவறு என்னுடையது, அதனுடையது அல்ல. இப்போது வெளியே போனால் வலது காதில் மட்டும் மாட்டுகிறேன், அவளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். கருவி 1,850, ஆட்டோ 60. ஆக மொத்தம் 1,910 ரூபாய்.