சுரங்கத்துக்குள் மொழிபெயர்த்தவர்

லண்டனில் நோர்பரித் தமிழர்கள் பெனடிக்ற் இல்லாமல் டொக்டரிடம் போகமாட்டார்கள் என்று ஒரு காலத்தில் பகிடியாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. பகலில் பெற்றோல் ஸ்ரேஷன் கல்லாவில் இருப்பார். ஷிப்ட் முடிந்ததும் ஊரிலிருந்து புதிதாக வந்த யாரையாவது கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ போவார். கைம்மாறாக ஒரு தேத்தண்ணி கொடுத்தால் போதும். அதையும் பாதி குடித்துவிட்டு அடுத்த ஆளுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிடுவார்.

அவருடைய மொழிபெயர்ப்பில் ஒரு குணம் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல அவருக்கு வராது. பக்கத்துத் தெருப் பத்மநாதன் வயிற்றுக்குத்து என்று சொன்னால், டொக்டரின் காதுக்கு அது இராத்திரி முழுக்கக் கண்மூட விடாத வயிற்றுக்குத்தாக, கூடவே தலைச்சுற்றோடும் போய்ச் சேரும். கேட்டால், "அவங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல வேணும்" என்பார். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. பத்மநாதன் வீட்டு அலுமாரியில் இரண்டு மருந்துப் போத்தல் அதிகமாக நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் பெனடிக்ற் தன்னைப் பற்றியே ஒரு முறை அப்படிக் கூட்டிச் சொல்லிவிட்டார். அது மருந்துப் போத்தலோடு நிற்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தார். அப்போது ஊரில் துப்பாக்கிச் சூடும் சுற்றிவளைப்பும் இருந்தனவே தவிர, மேலேயிருந்து குண்டு போடத் தொடங்கவில்லை. குண்டுக்கு ஒளிய வீட்டு வளவுக்குள் பங்கர்க் குழி வெட்டுகிற காலம் பிறகுதான் வந்தது. உண்மையைச் சொன்னால் பெனடிக்ற் ஒரு நாள், ஒரு நிமிஷம்கூடப் பங்கருக்குள் இருந்தவர் இல்லை. தொண்ணூறில் ஊருக்கு மேலே பொம்மர் விமானங்கள் ஓயாமல் சுற்றியபோது அவர் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு அறையில் மூன்று பேரோடு இருந்து, தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் நோர்பரிக்கு வீடு மாறி, அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். பூசை முடிந்தால் பக்கத்து ஹோலில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுப்பார்கள். அங்கேதான் பியற்றிஸ் அம்மையாரைக் கண்டார். அறுபதைத் தொடும் வெள்ளைக்காரி, புருஷன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். யாரையும் 'டியர்' என்றுதான் கூப்பிடுவாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஜெர்மன்காரன் லண்டனில் குண்டு போட்ட நாட்களில், தென்கிழக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த பழைய சுரங்கங்களுக்குள் தாயோடும் தம்பியோடும் மாதக்கணக்காகப் படுத்தவள். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "நீயும் நிலத்துக்கு அடியில் இருந்திருப்பாய், என்ன டியர்?" என்று கேட்டாள்.

இல்லை, என் தங்கச்சிதான் இருக்கிறாள் என்பதுதான் பதில். பெனடிக்ற் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதப்பிறவி தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. "ஓம்" என்று சொல்லிவிட்டார். எப்போது லண்டனுக்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அந்த 'ஓம்' தீனி கேட்டது. தங்கச்சி எமில்டா எப்போதாவது கொழும்புக்கு வந்தால் அங்கிருந்து தொலைபேசியில் பேசுவாள். பங்கர் எவ்வளவு ஆழம், கூரைக்குப் பனங்குத்தியை எப்படிக் குறுக்கே அடுக்கினீர்கள், மழைக்குத் தண்ணீர் நின்றால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் பெனடிக்ற் விசாரிப்பார். அண்ணைக்கு எங்களில் எவ்வளவு பட்சம் என்று அவள் நெகிழ்ந்துபோவாள். அடுத்த ஞாயிறு அந்தப் பனங்குத்தியும் அந்த முழங்கால் தண்ணீரும் பெனடிக்றின் சொந்த அனுபவமாகப் பியற்றிஸின் தேத்தண்ணிக் கோப்பைக்கு முன்னால் வந்து நிற்கும்.

எமில்டாவின் இளையவனின் கதையும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. நாலு வயதுப் பிள்ளை. பொம்மர் போய்விட்டது என்று நினைத்துப் பங்கருக்குள்ளிருந்து ஏறினான். அது வட்டமடித்துத் திரும்பி வந்தது. செய்தி சொன்ன அன்று எமில்டா தொலைபேசியில் அழவில்லை. "சேட்டில பிடிச்சனான் அண்ணை. கழண்டு போட்டான்" என்று மட்டும் சொன்னாள். அன்று இல்ஃபோர்ட் அறையில் பெனடிக்ற் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதது பொய்யில்லை. ஆனால் மறு வருஷம் அதைப் பியற்றிஸுக்குச் சொல்லும்போது, பிள்ளையின் சேட்டுத் துணியைப் பிடித்த கை அவருடைய கையாகிவிட்டது.

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பெயரைக் கேட்டாள். பெனடிக்ற் திகைத்துப்போனார். எமில்டா எப்போதும் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வாள். அவர் ஊரை விட்டு வெளிக்கிட முன்னர் ஞானஸ்நானம் பெற்றவன் பெரியவன் மட்டும்தான். தெரிந்த பெயர் அது ஒன்றுதான். "கிளமென்ற்" என்றார்.

பிறகாவது கேட்டிருக்கலாம். ஆனால் செத்துப்போன உன் பிள்ளைக்கு என்ன பெயர் என்று எந்தத் தாய்மாமன் தங்கச்சியிடம் கேட்பான்? நாளைக்கு, அடுத்த முறை என்று தள்ளித் தள்ளி அது கேட்கவே முடியாத கேள்வியாகிவிட்டது. நவம்பர் மாதம் மரித்தவர்களுக்காகப் பூசை வைக்கும்போது அந்தந்தக் குடும்பத்தார் கொடுத்த பெயர்களைச் சுவாமியார் வாசிப்பார். பியற்றிஸ் தன் தாய், தம்பியின் பெயர்களோடு கிளமென்றையும் கொடுத்தாள். வருஷா வருஷம் கொடுத்தாள். அந்த நாட்களில் பெனடிக்றின் பார்வை சப்பாத்தை விட்டு எழும்பாது.

தொண்ணூற்றேழு தொடக்கத்தில் எமில்டா லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். புருஷனும் மூத்தவனும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். பெனடிக்ற் அவளை டொக்டரிடமும் கவுன்சிலுக்கும் கூட்டிப்போய், அவளுக்கு இங்கிலீஷ் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தானே எல்லாம் பேசினார். அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். பியற்றிஸின் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதமாக வேறு கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆனால் நோர்பரி எவ்வளவு பெரிய இடம்? ஒரு நாள் கடைத்தெருவில் கிழவி இருவரையும் நேருக்கு நேர் பிடித்துவிட்டாள். தான் படுத்திருந்த சுரங்கத்தை இப்போது ரிக்கெற் போட்டுக் காட்டுகிறார்கள், உங்கள் இரண்டு பேருக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். தங்கச்சிக்குத் தடிமன் காய்ச்சல் என்று பெனடிக்ற் சொல்லிப் பார்த்தார். எமில்டாவோ, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, போவோம் என்றாள்.

அப்படித்தான் மே மாதத்து ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ரயிலேறிப் போனார்கள். வாசலில் தேத்தண்ணிக் கடை, படம் போட்ட அட்டைகள் விற்கிற மேசை, வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வழிகாட்டிப் பையன் ஆளுக்கொரு மண்ணெண்ணெய் விளக்குக் கொடுத்தான். ரிக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே பெனடிக்றுக்கு உடம்பு கூசியது. இவள் எதிலிருந்து தப்பி வந்தாளோ, அதைப் பார்க்கச் சுற்றுலாக்காரியாக அவளை வரிசையில் நிறுத்தியிருக்கிறோமே என்று நினைத்தார்.

உள்ளே குளிர். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே வழிகள் இரண்டாய் நாலாய்ப் பிரிந்து போயின. பியற்றிஸ் வயதை மறந்து முன்னால் நடந்தாள். ஒரு வளைவில் நின்று, இங்கேதான் எங்கள் கட்டில், அங்கே தம்பி, அந்தப் பக்கம் ஒரு சின்னத் தேவாலயம் என்று கையைக் காட்டினாள். பெனடிக்ற் தமிழில் சொன்னார். இதுவரைக்கும் சுகமாகத்தான் போனது.

எமில்டா கூரையைத் தொட்டுப் பார்த்தாள். "மழைக்குத் தண்ணி வராதோ எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டார். பியற்றிஸ் சிரித்துக்கொண்டு பெனடிக்றின் தோளில் தட்டினாள். தண்ணீர் வராது, அந்த வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள், நீ முழங்கால் தண்ணீரில் ராவெல்லாம் நின்றதை நான் மறக்கவில்லை டியர், என்றாள். பெனடிக்ற் எமில்டா பக்கம் திரும்பினார். "தண்ணி வராதாம்" என்று மொழிபெயர்த்தார்.

எமில்டா தலையாட்டினாள்.

பிறகு பியற்றிஸ் எமில்டாவின் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். உன் அண்ணன் எனக்கு எல்லாம் சொன்னான், அந்தப் பிள்ளையைச் சேட்டில் பிடித்தும் காப்பாற்ற முடியாமல் போனதைச் சொன்னான், அவன் இன்னும் அந்தக் கையை நினைத்து அழுகிறான், நானும் ஒவ்வொரு நவம்பரும் உன் கிளமென்றுக்காகப் பூசையில் பெயர் கொடுக்கிறேன், இதை அவளுக்குச் சொல்லு டியர் என்றாள்.

பெனடிக்ற் விளக்கைக் கீழே இறக்கிப் பிடித்தார். இத்தனை வருஷம் நோர்பரி முழுவதற்கும் பேசிய வாய் அது. கடைசியில், "இஞ்ச சரியான குளிராம்," என்றார். "உனக்குக் குளிருதோ எண்டு கேக்கிறா."

எமில்டா அவரைப் பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. நீங்கள் முடித்துவிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அந்த நேரம் பார்த்து வழிகாட்டிப் பையன், அன்றைக்கு இருட்டு எப்படி இருந்தது என்று காட்டுகிறேன் என்று சொல்லி எல்லா விளக்கையும் வாங்கிக்கொண்டு அப்பால் போனான். சுரங்கம் இருண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கூச்சலிட்டு அடங்கினார்கள்.

அந்த இருட்டில் எமில்டாவின் குரல் கேட்டது. இங்கிலீஷில் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஆனால் ஒரு பிழை இல்லாமல். நன்றி மேடம், என்றாள். பூசைக்கு நன்றி. ஆனால் என் பிள்ளையின் பெயர் யூஜின். கிளமென்ற் என் மூத்த மகன். அவன் உயிரோடு கொழும்பில் இருக்கிறான். கவலையில் அண்ணனுக்குப் பெயர் மாறிவிட்டது, அவரைக் குறை நினைக்கவேண்டாம் என்றாள்.

விளக்குகள் திரும்பி வந்தபோது பியற்றிஸ் அழுதுகொண்டிருந்தாள். பெனடிக்ற் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார். அந்த இருட்டே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக்கூடாதா என்று அவருக்கு இருந்தது. அவ்வளவு வெட்கம்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். கிழவி முகம் கழுவப் போனாள். வாசலில் இருந்த மர வாங்கில் அண்ணனும் தங்கச்சியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே இங்கிலீஷ் படித்தாய் என்று பெனடிக்ற் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில வெளிநாட்டு டொக்டர்மாரோட அஞ்சு வருசம் வேலை செய்தனான்," என்றாள் எமில்டா. "நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை அண்ணை. போன் எடுத்தால் பங்கரைப் பற்றித்தான் கேப்பியள்."

"இஞ்ச வந்தாப் பிறகாவது சொல்லியிருக்கலாம்தானே?"

"கதைக்கிறது உங்களுக்குச் சந்தோசமா இருந்துது. கதைக்கட்டும் எண்டு விட்டன்."

பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பேரைச் செத்த ஆக்களோட வாசிச்சிருக்கினம். அவன் கொழும்பில லொறியில அடிபட்டுக் கால் முறிஞ்சு கிடந்ததும் ஒரு நவம்பரிலதான். நான் அப்பிடியெல்லாம் நினைக்கக்கூடாது, எண்டாலும் நினைக்காமல் இருக்க ஏலாது." அவள் குரல் உயரவில்லை. "சேட்டைப் பிடிச்சது நீங்கள் எண்டே இருக்கட்டும் அண்ணை. அது எனக்கு வேண்டாம். ஆனால் சின்னவன்ர பேரை ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் பெனடிக்ற் தாங்கியிருப்பார். அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை. முதுகுவலி என்று சாட்டுச் சொன்னார். வீட்டில் தொலைபேசி அடித்தால் எமில்டா எடுப்பாள். நோர்பரித் தமிழர்கள் மெல்ல மெல்ல அவளிடம் போகத் தொடங்கினார்கள். பத்மநாதனின் மருந்து ஒரு போத்தலாகக் குறைந்தது.

நவம்பரில் சுவாமியார் பெயர்களை வாசித்தார். யூஜின் என்று கேட்டது. பெனடிக்றின் ஒரு பக்கத்தில் எமில்டா, மறு பக்கத்தில் பியற்றிஸ். கிழவி அவருடைய வலது கையை எடுத்து, அதுதான் பிள்ளையைப் பிடித்த கை என்று, தன் மடியில் வைத்துத் தடவினாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை, அங்கேயே விட்டு வைக்கவும் முடியவில்லை. செத்த பிள்ளைக்குத் தான் மாமனாக அழுதது இல்ஃபோர்ட் அறையில் அந்த ஒரு நாள்தான், அதற்குப் பிறகு விட்ட கண்ணீரெல்லாம் தாயின் வேஷம் போட்டு விட்டதுதான் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணி கொடுத்தார்கள். மன்னாரிலிருந்து புதிதாக வந்திருந்த மெற்றில்டா என்ற பெண்ணைப் பியற்றிஸ் கூப்பிட்டு, இதோ இவன்தான் பெனடிக்ற் என்று சேட்டுக் கதையைத் தொடங்கினாள். மெற்றில்டாவுக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெனடிக்றைப் பார்த்தாள், மொழிபெயர்க்கச் சொல்லி.

பெனடிக்ற் கோப்பையை வைத்தார். முதலில் தமிழில் சொன்னார், பிறகு அதையே பியற்றிஸிடம் இங்கிலீஷில் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பிடிச்சது நான் இல்லை. இவள். நான் அப்ப இல்ஃபோர்டில இருந்தனான். பங்கர் எப்பிடி இருக்கும் எண்டே எனக்குத் தெரியாது."

எமில்டா அவருடைய கையைப் பிடித்தாள், போதும் என்கிற மாதிரி. பியற்றிஸ் பெனடிக்றை விட்டுப் பார்வையை எமில்டாவுக்கு மாற்றினாள். பிறகு எழும்பி வந்து எமில்டாவின் நெற்றியில் முத்தமிட்டு, அவள் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். பிஸ்கற் தட்டு பெனடிக்றைத் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகும் கிழவி அவரோடு பேசாமல் விட்டதில்லை. ஞாயிறு தோறும் சுகம் விசாரிப்பாள், மழை குளிரைப் பற்றிப் பேசுவாள். மற்றவர்கள் எல்லாரையும் 'டியர்' என்று கூப்பிட்டாள். அவரை மட்டும், சாகும்வரைக்கும், 'மிஸ்டர் பெனடிக்ற்' என்று கூப்பிட்டாள்.