நீல ரிப்பன் கட்டிய பதினொரு பூக்கள்

எங்கள் ஊர்ப் பூங்காவில் இந்த வருஷமும் மலர்க் கண்காட்சி நடந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. மகள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே வழக்கமான கூட்டம், வழக்கமான டேலியாக்கள். தர்பூசணியில் செதுக்கிய அன்னப் பறவைக்கு முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள். ஆர்க்கிட் தொட்டிகளைத் தனியாக ஒரு பந்தலில் வைத்திருந்தார்கள். 'பூக்களைத் தொடாதீர்கள்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அட்டை. மூன்று மொழியும் படிக்கத் தெரிந்தவர் மாதிரி இருந்த ஒரு அம்மாள் அந்த அட்டையை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பூவைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் யாரோ தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரப் பாசியும் மரப்பட்டையும் சேர்ந்த ஒரு வாசனை எழுந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னாப்பா, கால் வலிக்குதா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா," என்றேன். கால் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசனை என்னை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சரிவில் நிறுத்தியிருந்தது. அதை எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் கால் மேல் பழியைப் போட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பேட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை. ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, ஒரு போன், வாசலில் ஒரு பழைய வேன். வெளியே தொங்கிய போர்டில் 'பிரெஞ்சு பேசப்படும்' என்று எழுதியிருந்தது. அந்தப் பிரெஞ்சு நான்தான். போன்ஜூர், மெர்சி, சில்வூப்ளே, இதற்கு மேல் யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் உடனே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுவேன். தாகமாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

எங்கள் வாடிக்கையாளர்கள் நல்லவேளையாகத் தமிழ் பேசுகிறவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் குடும்பங்கள். பிள்ளைகள் பிரான்சில், பென்ஷன் இங்கே, நேரம் கொட்டிக் கிடக்கும். அவர்களில் பெரிய தலை மதாம் ரெஜினா. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வெளிர் நிறச் சேலை, கையில் எப்போதும் செபமாலை, குரல் மட்டும் பட்டாளத்துக் குரல். எங்கள் அம்மா அவர் வீட்டில்தான் சமையல் செய்தார். நான் அந்தச் சமையலறை வாசலில் உட்கார்ந்து படித்து வளர்ந்தவன். டிராவல்ஸ் வேலையும் மதாம் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்ததுதான். அதனால் மதாமிடம் 'வேண்டாம்' என்ற சொல்லை நான் பயன்படுத்தியதே இல்லை. அந்தச் சொல் எனக்குத் தேவைப்படும் என்று நினைத்ததுமில்லை.

அந்த வருஷம் ஏற்காட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மலைப்பூ விழா, இரண்டு நாள். அரசாங்கம் நடத்தும் கோடை விழா வேறு. இது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கோமதி டீச்சரும் நாலைந்து காபித் தோட்டக் குடும்பங்களும் சேர்ந்து நடத்தியது. கோடையின் முதல் மழைக்குப் பிறகு மலையில் தானாகப் பூப்பவற்றை, பத்துப் பத்துப் பேராக அழைத்துப்போய் நடந்தே காட்டுவார்கள். காட்டுப் பூவைப் பார்க்க காசு கொடுத்து யார் வருவார்கள் என்று எங்கள் முதலாளிக்குச் சந்தேகம். மதாமிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க மாதா கெபி இருக்குதாடா?"

நடக்கிற வழியிலேயே ஒரு கெபி, மாதா சிலை வைத்த சின்னக் குகை, இருப்பதாக நோட்டீசில் போட்டிருந்தது. அவ்வளவுதான், வேன் நிறைந்துவிட்டது. மே மாதம் மாதாவுக்கான மாதம். எங்கள் ஊரில் அந்த மாதம் தெருத்தெருவாகக் கெபிக்குப் பூ போகும். நீலத் துணி, நீல ரிப்பன், நீல சீரியல் லைட் என்று மாதாவின் நிறத்தில்தான் எல்லாமே. கெபி முன்னால் வெறுங்கையோடு நிற்பது மரியாதைக் குறைவு. அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தன்னால் பூவைத் தேடும்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மலையடிவாரம் வரைக்கும் செபமாலை, அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழம். மே மாத வெயிலில் எல்லோரும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், குளிரை வழியிலேயே சந்தித்துவிட வேண்டும் என்பதுபோல. நடுவில் கள்ளக்குறிச்சி தாண்டியதும் டயர் வேறு பஞ்சராகியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம். விதிமுறைகள் சொல்லும் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். பள்ளிக்கூட கேட்டில் ஒரு பெண் மட்டும் எங்களுக்காகக் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. அவர்தான் கோமதி டீச்சர்.

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உங்க ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிருங்க. எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது. முக்கியமா நாளைக்குப் போற சரிவுல. அங்க தரையில ஒரு ஆர்க்கிட் வந்திருக்குதுங்க. இலைகூட கிடையாது, வெறும் தண்டு, அதுல பூ. மழை பேஞ்சா ஒரு பத்து நாள், அப்புறம் மண்ணுக்குள்ள போயிரும். பதினோரு தண்டுதான் நிக்குது."

தலையாட்டினேன்.

"அந்த எடம் ஒரு காபித் தோட்ட மொதலாளியோடதுங்க. காட்டேஜ் கட்டறாரு, கார் நிறுத்த அந்தச் சரிவைச் சமப்படுத்தப் போறாரு. பூத்திருக்கறப்ப ஒருதரம் கண்ணுல காட்டுங்க டீச்சர், அந்தத் துண்ட மட்டும் விட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வர்றாரு. நான் மூணு வருசமா கேட்டு இப்பத்தாங்க சம்மதிச்சாரு. மறக்காம சொல்லிருவீங்கல்ல?"

"கண்டிப்பா சொல்லிடறேங்க," என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டிராவல்ஸில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய பொறுப்பு தந்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று எழுந்து நின்றேன். அப்போது மதாம் பேசிக்கொண்டிருந்தார். பாரீசில் இருக்கும் அவருடைய ஒரே மகனுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன் என்பது அந்த நிமிஷம்தான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஏற்காட்டுக்கு அவர் ஏன் வந்தார் என்பதும். "மலை மேல இருக்கற மாதாவுக்குப் பூ வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன்," என்றார். அந்தப் பட்டாளத்துக் குரல் பாதியில் நின்றுபோனது. எல்லோரும் அழுதார்கள், பிறகு முழந்தாளிட்டார்கள். நான் எழுந்தபடியே நின்றிருந்து, கடைசியில் நானும் முழந்தாளிட்டேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நண்பரே, நான் வாழ்க்கையில் செய்யாமல் விட்ட முக்கால்வாசி காரியங்களுக்கு இந்த 'காலையில்'தான் காரணம்.

காலையில் காபி தேடும் வேலையிலேயே நேரம் போய்விட்டது. காபித் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, பால் கம்மி என்று ஒருவர், பன்னுக்குப் பதில் ரொட்டி வேண்டும் என்று ஒருவர்.

நடை அருமையாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். அந்த வருஷம் மழை பிந்தியதால் காபிச் செடிகளில் பூ மிச்சமிருந்தது. மல்லிகைக்கும் அதற்கும் என்ன உறவோ, வழியெல்லாம் கல்யாண வீட்டு வாசனை. டீச்சர் யாரையும் நின்றபடி பூ பார்க்க விடமாட்டார். "குனிஞ்சு பாருங்க, அது உங்களவிடச் சின்னது," என்பார். மூட்டுவலிக்கார மதாம்களும் குனிந்து, பூதக்கண்ணாடியில் கடுகு அளவுப் பூவுக்குள் மஞ்சளும் கோடும் இருப்பதைப் பார்த்து, "மாதாவே!" என்றார்கள். அங்கே பார்த்த ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கடற்கரையில் எப்போதோ இருந்தது என்று சாதித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்.

பாதி வழியில் வேறு ஊரிலிருந்து வந்திருந்த வேகமான ஆட்களை முன்னால் கூட்டிப்போன டீச்சர், பெரியவர்களை மெதுவாக அழைத்துவரச் சொல்லி என்னிடம் விட்டார். மூன்று குடை, இரண்டு தண்ணீர் பாட்டில் கூடை, ஒரு மடக்கு நாற்காலி, எல்லாம் என் தோளில். நான் முப்பது அடி பின்தங்கிவிட்டேன்.

பாதை திரும்பியதும் அந்தச் சரிவு. கீழே இருபது படி இறங்கினால் கெபி, வெள்ளையடித்த சிறிய குகை, உள்ளே மாதா. சரிவில் சருகுக்கு நடுவே, இலையில்லாத தண்டுகள். பச்சையும் ஊதாவும் கலந்து, நாக்கு மாதிரி நீண்ட இதழில் வெள்ளை விழுந்த பூக்கள். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தண்டுக்குப் பக்கத்திலும் டீச்சர் ஒரு குச்சி நட்டு, தூரத்திலிருந்தே தெரிவதற்காக ரிப்பன் கட்டியிருந்தார். நீல ரிப்பன்.

அதைப் பார்த்த கணமே அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அதே தெருக்காரன்தானே.

"பாத்தியா ரோசலி," என்று கூட நடந்தவரிடம் சொன்னது மதாமின் குரல். "மாதாவுக்குன்னே நேந்து வளத்திருக்காங்க. ரிப்பன் கட்டி வச்சிருக்காங்க பாரு."

அவர் குனிந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் குனிந்தார். நான் கத்தியிருக்கலாம். 'மதாம், வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தைக்கு முப்பது அடி ஒரு தூரமே இல்லை. வாயைத் திறக்கவும் செய்தேன். முதல் தண்டை ஒடித்துக்கொண்டு நிமிர்ந்த அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்றிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒரு தெம்பு அதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மீதிப் பத்தையும் மற்றவர்கள் பறித்தார்கள். ஒருவர் ரிப்பன்களையும் கழற்றிச் சேர்த்துக் கட்டினார்.

டீச்சர் திரும்பி வந்தபோது கெபி முன்னால் செபமாலையின் கடைசிச் சுற்று, ஐந்தாவது பத்து, ஓடிக்கொண்டிருந்தது. அவர் மாதாவின் காலடியைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். குச்சிகள் மட்டும் நின்றன. ஜெபம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் பக்கத்தில் போய், "அந்தம்மாவோட பையனுக்கு நாளன்னிக்கு ஆபரேஷனுங்க," என்று முணுமுணுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு அவரை வரச் சொல்லியிருக்கேங்க," என்று மட்டும் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தோட்ட முதலாளியின் ஜீப் வந்து நின்றதைப் பார்த்தேன். டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளரில் வாடிய தண்டுகளை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தோட்ட முதலாளி நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். "பாவம் டீச்சர் நீங்க. தரையில ஒண்ணுமே காணோமே, நான் எதை விடறது?" என்றது காதில் விழுந்தது. அடுத்த கோடைக்குள் அந்தச் சரிவு மட்டமாகிவிட்டது. புது நோட்டீசில் அந்த நடைவழியே இல்லை.

மதாமின் மகன் பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து வருஷா வருஷம் எனக்கு பாரீஸ் பிஸ்கட் டப்பா ஒன்று வரும். "நீ கூட்டிட்டுப் போனதாலதான்டா," என்பார் மதாம். வாங்கிக்கொள்வேன். அந்தப் பூக்களின் கதையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை. அவருக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை.

வருத்தம் வேறொன்றில். மதாம் இறந்து இரண்டு வருஷம் கழித்துக் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போனேன். கடைத்தெருவில் கோமதி டீச்சர் காய்கறிப் பையோடு எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தம்மாவோட பையன் நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காருங்க. அந்தம்மாதான் போயிட்டாங்க."

காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார், "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேங்க. அன்னைக்கு நான் சொன்னதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

பக்கத்தில் என் மனைவி, மகள். சாக்கு சொல்ல விரும்பவில்லை, அவர்கள் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"சொன்னேங்க டீச்சர்."

அவர் மூச்சு விட்டார். "அப்பச் சரிங்க. இத்தனை வருசமா அதுதான் உறுத்திட்டிருந்துச்சு, நானே நேர்ல சொல்லாம விட்டுட்டனேன்னு. தெரிஞ்சும் பறிச்சிருக்காங்கன்னா, பெத்தவளுக்கு அவ்வளவு பயம் இருந்திருக்கும். விடுங்க. நான் அவங்க மேல ஒண்ணும் வச்சுக்கலை." என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

தெரியாமல் பறித்த ஒரு அம்மாளைத் தெரிந்தே பறித்தவளாக ஆக்கினேன், அவர் வந்து இல்லையென்று சொல்லமுடியாத நேரத்தில். எழுதிச் சொல்லிவிடலாம் என்று ஊருக்கு வந்ததும் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். காலையில் எழுதலாம் என்று வைத்தேன்.

உப்பளத்து ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சொல்தா குடும்பங்களில் முக்கால்வாசி வீடுகள் ஹோட்டலாகிவிட்டன. மலைப்பூ விழாவை நடத்த ஆளில்லாமல் நிறுத்திவிட்டார்கள். போன மழைக்காலத்தில் டீச்சரும் போய்விட்டார் என்று ஏற்காட்டிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் சொன்னார். மதாமுக்கு டீச்சர் கொடுத்த மன்னிப்பு மதாமுக்குத் தேவையே இல்லை. தேவைப்பட்டவன் நான், அவர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.